இரண்டாவது அடுப்பு

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி
17-1-72

புஷ்பாவுக்குக் கன்னியம்மாள் எழுதுவது.

நான் நடமாடுகிறேன். உன் அம்மா படுத்திருக்கிறாள். இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். இங்கே சுகம் என்பது இவ்வளவுதான். உன் சுகத்தையும், மாப்பிள்ளை, கண்ணம்மா, உன் மாமியார் குப்பம்மா சுகத்தையும் எழுது.

இந்தக் கடிதம் உஸ்மான் கனி பாய் கையில் வருகிறது. பூந்தமல்லியிலிருந்து தவணைச் சேலை மூட்டையோடு தங்கவயலுக்கு வருகிறவர். தபாலில் வருவதை உன் மாமியார் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். பாய் கொண்டுவருவதை நீ மட்டும் படிப்பாய். அதனால் இதில் உன் அம்மாவை உன் அம்மா என்றே எழுதுகிறேன். தபாலில் எப்போதும்போல நான் அம்மா, அவள் சித்தி.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பா சொன்ன பொய் அது. முனியம்மா தாலி கட்டாமல் கூட்டி வந்தவள், அவளுக்குப் பிறந்த பெண் இவள் என்று சொல்லியிருந்தால் அவர்கள் காபியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். முதல் தாரமான எனக்குப் பிறந்த பெண் என்றார். கல்யாணத்தன்று தாயாக உன் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். உன்னைப் பெற்றவள் பின்கட்டில் சோற்றுப் பானையோடு நின்றாள். அது முடிந்துபோனது. அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

விஷயம் இது. உன் அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்த பிறகும் கொஞ்ச நாள் நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். போல்ட் கம்பெனியில் பெருக்கும் வேலை. சாயந்திரம் ரயிலில் திரும்பி வந்தால், காலையில் எப்படி விட்டுப் போனேனோ அப்படியே கிடப்பாள். ஈரத்தில். முதுகில் புண் வந்தது. வேலையை விட்டுவிட்டேன்.

அவளுக்கு முதியோர் பென்ஷன் இருபது ரூபாய் வருகிறது. ஒருத்தி பணம், இரண்டு வயிறு, ஒரு மருந்துக்கடை. எனக்கும் வயது ஆகிவிட்டது. நானும் மனுப் போட்டிருக்கிறேன். விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவாராம். கிடைத்தால் இவளை இங்கேயே வைத்துப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் நான் மறுபடி துடைப்பத்தைத் தூக்க வேண்டும். இவளை ஏதாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் விட வேண்டும். மூன்றாவது வழி இருந்தால் எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் பணம் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். அவளைப் பார்க்க எப்போது வருவாய்?

கன்னியம்மாள்


மாரிக்குப்பம், தங்கவயல்
4-2-72

அன்புள்ள அம்மாவுக்கு மகள் புஷ்பாவின் வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு இந்த மாதம் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குவதால் நாங்கள் வீட்டில் கிசுகிசு என்று பேசுகிறோம். அத்தை உங்களை விசாரித்தார்கள். கண்ணம்மா நன்றாகப் படிக்கிறாள். இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

நீங்கள் மனுப் போட்டிருப்பதாகப் பாய் சொன்னார். சந்தோஷம். கட்டாயம் கிடைக்கும். அதிகாரிகளிடம் பொறுமையாகப் பேசுங்கள். உங்களுக்குச் சட்டென்று கோபம் வரும்.

சித்திக்கு வலது கை அசைகிறதா? கஞ்சி இறங்குகிறதா? வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வைக்கச் சொல்லி இங்கே கம்பவுண்டர் ஒருவர் சொன்னார். சித்தியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
புஷ்பா


முத்தாபுதுப்பேட்டை
26-2-72

புஷ்பாவுக்கு அம்மா எழுதுவது.

சுகம். எல்லோர் சுகத்துக்கும் எழுது. வருவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதிலில் குளிரைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலையாரி வேம்புலி குடை பிடித்துக்கொண்டு பின்னால். நாற்காலி இல்லை. அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டேன். உட்காரவில்லை. வாசல்படியில் நின்றபடியே தலையை உள்ளே நீட்டினார். படுத்திருந்த சித்தியைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார்.

"வீட்டில எத்தனை அடுப்பு?"

"கண்ணால பாக்கறியே சார். ஒண்ணுதான் கீது."

"அப்ப ஒரே குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பென்ஷன். அதான் அந்தம்மாவுக்கு வருதே."

"அது எப்டி சார் ஒரே குடும்பம்? நான் தாலி கட்டிகினு வந்தவ. அவ கூட வந்தவ. தாலி இல்லாதவ குடும்பம் இல்லன்னு இந்தத் தெருவே பேசிச்சி. பேசி பேசி அவ காது அடைச்சிப் போச்சி. இன்னிக்கி நீ வந்து குடும்பம்ன்றியே. நல்லாருக்கு. இத்த எங்க ஊட்டுக்காரரு உயிரோட இருக்கசொல்ல வந்து சொல்லியிருந்தா அவளுக்காவது சந்தோசமா இருந்திருக்கும்."

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. கெட்டவர் இல்லை. சிரிக்கத் தெரிந்தவர்.

"இங்க பாரும்மா. சக்களத்தின்னா ஆளுக்கொரு அடுப்பு இருக்கும். நாலு ஊர்ல பார்த்தவன் நான். ஒரே அடுப்பில பொங்கறீங்கன்னா ஒத்துமையா இருக்கீங்கன்னு அர்த்தம். ஒத்துமைக்குப் பென்ஷன் கிடையாது."

"அப்ப சண்ட போட்டா குடுப்பியா?"

"நான் எதையும் சொல்லலை. நான் பார்த்ததை எழுதறேன்."

எழுதிக்கொண்டு போய்விட்டார். வேம்புலி மட்டும் குடையை மறந்ததுபோலத் திரும்பி வந்தான்.

"இன்னாக்கா நீ, சட்டம் பேசிகினு. அந்த மூலைல மூணு கல்லு வெய்யி. ரெண்டு சுள்ளியக் கொளுத்தி செவுத்துல கரி ஏத்து. அடுத்த மாசம் அவர இட்டாறேன். ரெண்டுன்னு எழுதிகினு பூடுவாரு. அவரும் மன்சன்தான்."

"எனுக்கு வாணாம் போடா" என்றேன்.

"வாணான்னா பட்டினி கெட" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இப்போதைக்கு இவ்வளவுதான். மாப்பிள்ளைக்கும் உன் அத்தைக்கும் என் விசாரிப்பு.

அம்மா


மாரிக்குப்பம்
13-3-72

அன்புள்ள அம்மாவுக்கு மகள் புஷ்பாவின் வணக்கம்.

எல்லோரும் சுகம். அவருக்கு இருமல் இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் கண்ணம்மா படிக்கப் படிக்க அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "உங்க அம்மா வக்கீலுக்குப் பொறந்திருக்கணும்" என்றார்கள். பிறகு அவர்களே சொன்னார்கள், மூன்று கல்லில் என்ன இருக்கிறது என்று. அவரும் அதையேதான் சொல்கிறார். வேம்புலி நல்லதற்குத்தான் சொல்லியிருக்கிறான். உலகத்தில் யாரும் செய்யாததா?

அம்மா, தயவு செய்து அந்தக் கல்லை வைத்துவிடுங்கள். ஒரு நாள் பார்வைக்கு. அவர் எழுதிக்கொண்டு போனதும் எடுத்துவிடலாம். நீங்கள் பிடிவாதம் பிடித்து, அந்தப் பணம் வராமல் போய், நீங்களும் வேலைக்குப் போய்விட்டால் சித்தியை எங்கே வைப்பது? இங்கே லைன் வீடு. ஒரே அறை. அத்தைக்கே படுக்க இடம் போதவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வைத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்
புஷ்பா


முத்தாபுதுப்பேட்டை
9-4-72

புஷ்பாவுக்குக் கன்னியம்மாள் எழுதுவது.

இது பாய் கையில் வருகிறது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். வெயில் ஏறிவிட்டது. உன் அம்மாவுக்கு வேர்க்குரு. நுங்கு வாங்கித் தடவினேன்.

கல் வைக்கவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இந்த வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். என்னுடையது கதவோரம். உன் அம்மாவுடையது தென்மூலை. நடுவில் ஓலைத் தட்டி. உன் அப்பா ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. என் புகை அவள் பக்கம் போனால் முறத்தால் விசிறி என் பக்கமே திருப்புவாள். நானும் விட மாட்டேன். பச்சை விறகாகப் பார்த்து வைப்பேன். நாங்கள் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. நடுவில் உன்னை நிறுத்திவைத்துத்தான். "உங்க பெரிம்மாகிட்ட உப்பு கீதான்னு கேளு." "கீது, ஆனா தரமாட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. நீ அங்கேயும் இங்கேயும் ஓடுவாய்.

உன் அப்பா போன பிறகும் அடுப்பு இரண்டுதான். யாருக்காகச் சண்டை போட்டோமோ அவரே இல்லை. சண்டை மட்டும் இருந்தது.

அவள் விழுந்த பிறகு என் அடுப்பில் கஞ்சி வைத்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன். தட்டி இடைஞ்சலாக இருந்தது. எடுத்துப்போட்டேன். அவள் அடுப்பை மட்டும் நான் தொடவில்லை. அது அவளுடையது. என்றைக்காவது எழுந்து பற்றவைப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் அதற்கு நேராகப் படுத்திருப்பாள். நாள் முழுக்க அந்தக் குளிர்ந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் தொம் தொம் என்று சத்தம். திரும்பினால், நல்லாயிருக்கும் காலால் உன் அம்மா அடுப்பை உதைத்துக்கொண்டிருந்தாள். படுத்த பாயோடு நகர்ந்து நகர்ந்து போயிருக்கிறாள். நான் தடுக்கவில்லை. பக்கமண் சரிந்து விழும்வரை உதைத்தாள். வேர்த்து ஊற்றியது. பிறகு என்னைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தாள். மண்ணை வாரி முருங்கை மரத்தடியில் கொட்டினேன். அன்றைக்கு என் சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். பேச்சு போய்விட்டதே, எப்படிக் குறை சொல்வாள் என்று நினைக்காதே. முகத்தாலேயே சொல்லுவாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

இப்போது அதே மூலையில், அவள் கண்ணுக்கு நேராக, நான் கல் அடுக்க வேண்டும். சண்டை போட்டால் இரண்டு பென்ஷன். சண்டை நின்றால் ஒன்று. இந்தச் சர்க்கார் நாங்கள் தட்டிக்கு இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டருக்கு மேலே தாசில்தார் இருக்கிறார். மனு நாளில் போய்க் கேட்கப்போகிறேன். நீ உன் உடம்பைக் கவனி.

கன்னியம்மாள்


மாரிக்குப்பம்
18-6-72

அன்புள்ள அம்மாவுக்கு மகள் புஷ்பாவின் வணக்கம்.

சுகம். நீங்களும் சித்தியும் சுகம் என்று நம்புகிறேன்.

பாய் வந்து போனார். உடனே எழுத முடியவில்லை. அத்தைக்கு மூட்டுவலி. தண்ணீர் எடுக்க நான்தான் போக வேண்டும், குழாயடியில் வரிசை. கண்ணம்மா தேறிவிட்டாள். மேலே படிக்க வைப்பதா என்று யோசனை.

சித்தி காலை அசைக்கிறார்களா? எந்தக் கால் என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்
புஷ்பா


முத்தாபுதுப்பேட்டை
23-7-72

புஷ்பாவுக்குக் கன்னியம்மாள் எழுதுவது. பாய் கையில்.

இடது கால். நன்றாக உதைக்கிறது. நான் திருப்பிப் போடும்போது என்னையும் ஒன்று விடுகிறது. மற்றபடி சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

தாலுகா ஆபீசுக்குப் போனேன். முதல் தடவை தாசில்தார் வெளியூர் கேம்ப். இரண்டாம் தடவை ஜீப் நின்றது, ஆள் இல்லை. மூன்றாம் தடவை பார்த்தேன். நான் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா உன் அம்மாவுடன் இருப்பாள். அவளிடம் உன் அம்மா வாயைத் திறக்க மாட்டாளாம். என் கைச் சோறுதான் வேண்டுமாம். இதைக் கேட்க உன் அப்பா இல்லை.

வரிசையில் என் முன்னால் நசரத்பேட்டை அஷ்ரஃபுன்னிசா. என் வயதுதான். கண் தெரியாத அண்ணனை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய மனுவையும் தள்ளிவிட்டார்கள்.

"உங்கிட்டயும் அடுப்ப எண்ணுனாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட அடுப்பு கேக்கலை. 'அண்ணனத் தூக்கிக் குளிப்பாட்டுறே, பொங்கிப் போடுறே, அப்ப ஒடம்புல தெம்பு இருக்கு, வேலை செய்யலாம்ல'ன்னு கேட்டான். நானு சொன்னேன், 'செஞ்சுக்கிட்டுத்தானே வாப்பா இருக்கேன்'னு. அதையும் எழுதிக்கிட்டான். 'வேலை செய்கிறார்'னு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேருமாகவே உள்ளே போனோம். பியூன் ஒவ்வொருவராக என்றான். "ஒரே வியாதிதான்யா" என்று அவள் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

தாசில்தார் சின்ன வயசு. பேப்பரைப் படித்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"அம்மா, இது ஆதரவற்றவங்களுக்கான உதவி."

"ஒதவி வாணாம் சார். கூலி குடு."

"என்ன கூலி?"

"அவளுக்கு மாசம் இருவது ரூவா அனுப்பறீங்க. சந்தோசம். அந்த ரூவாவ அரிசியாக்கி, அரிசியக் கஞ்சியாக்கி, அவ வாயில ஊட்டி, அப்பால தொடச்சி எடுக்கறது யாரு? போஸ்டுமேனா?"

பக்கத்தில் இருந்த குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. "சக்களத்தியப் பாத்துக்கறதுக்குக் கவர்மெண்ட் கூலி குடுக்குமா? நல்ல கதையா இருக்கே. உன்ன யாரு வேலைக்கு வெச்சது?"

"நைனா, நான் நாளைக்கி உட்டுட்டுப் போனா அவளத் தூக்கினு வந்து உன் மேசை மேலதான் போடணும். நீ தொடைப்பியா?"

தாசில்தார் பேனாவை மூடிவிட்டார். இன்ஸ்பெக்டர் எழுதியதை இன்னொரு தடவை படித்தார். "இந்த அடுப்பு சமாசாரத்தை விட்டுடலாம். அது அவர் கணக்கு" என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. அடுத்த தாளைத் திருப்பினார்.

"ஆனா மணியக்காரர் எழுதினதுல உனக்கு ஒரு மகள்னு இருக்கே. மருமகன் தங்கவயல்ல சுரங்க வேலை. அப்புறம் எப்படி ஆதரவற்றவர்?"

புஷ்பா, அந்தத் தாளை எட்டிப் பார்த்தேன். உன் அப்பா சொன்ன ஒரு பொய். அது கல்யாணத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். தாலுகா ஆபீஸ் அலமாரியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சொல்லிவிட்டேன். "எனுக்குப் புள்ள கெடயாது சார். அது அவ பொண்ணு."

குமாஸ்தா, "இந்தக் கதையும் இன்னிக்கிதான் பொறந்துதா" என்றான். தாசில்தார் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கினான். பிறகு என்னிடம் சொன்னார்: "நீ சொன்னா போதாது. அந்தப் பொண்ணே தன் கையால எழுதி அனுப்பட்டும். தன்னைப் பெத்தவங்க யாரு, இவங்க ரெண்டு பேரையும் அவ காப்பாத்தறாளா இல்லையான்னு. அது வந்தா கையெழுத்துப் போடறேன். அந்தம்மா பென்ஷனும் நிக்காது."

அஷ்ரஃபுன்னிசாவை அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். அவள் வருவாள். நானும் கூடப் போவேன்.

நீ எழுத வேண்டியது இரண்டு வரி. முனியம்மா மகள் நான். நான் அவர்களைக் காப்பாற்றவில்லை.

கன்னியம்மாள்


மாரிக்குப்பம்
16-9-72

பெரியம்மாவுக்குப் புஷ்பா எழுதுவது.

இதைப் பாய் கையில் கொடுக்கிறேன். அவர் திண்ணமாக உன் கையில்தான் கொடுப்பதாகச் சொன்னார். எல்லோரும் சுகம். நான் சுகம் இல்லை. காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை.

முதல் தடவையாக உன்னைப் பெரியம்மா என்று எழுதுகிறேன். கை கூசுகிறது. பள்ளிக்கூடத்தில் என்னைத் தப்பு வார்த்தை எழுதவைத்தது போல இருக்கிறது. சரியான வார்த்தை இதுதான் என்று தெரிந்தும்.

கண்ணம்மாவைப் பெண் கேட்டு ஊர்காமிலிருந்து வருகிறார்கள். பையன் எலெக்ட்ரீஷியன். அத்தை அவர்களிடம் என் எதிரிலேயே சொன்னார்கள்: "எங்க மருமக மொதல் தாரத்துப் பொண்ணு. முறையா வந்தது. ரெண்டாவது ஒருத்தி இருந்தா, அது வேற." நான் தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

நான் உன் மகளாகவே இருந்துவிடுகிறேன். என் மகள் ஒன்றும் கொடுப்பதில்லை என்று நீயே எழுதிக் கொடு. நான் கொடுமைக்காரி என்று எழுது. ஆட்சேபம் இல்லை. அந்த இரண்டு வரியை மட்டும் என்னிடம் கேட்காதே.

எப்போது வருவாய் என்று கேட்டிருந்தாய். நான் தனியாக வர முடியாது. அவர் கூட வருவார். உள்ளே நுழைந்து அவளைப் பார்த்ததும் அம்மா என்று என் வாயில் வந்துவிடும். வராமல் இருக்காது. கல்யாணத்தன்று புறப்படும்போதே வந்தது. கடித்துக்கொண்டேன்.

இடது காலா? அதே காலால்தான் என் தொட்டிலை ஆட்டுவாள் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய்.

புஷ்பா


முத்தாபுதுப்பேட்டை
8-10-72

புஷ்பாவுக்குப் பெரியம்மா எழுதுவது. பாய் கையில்.

நாங்கள் இருக்கிறோம். கண்ணம்மாவுக்கு நல்லபடி அமையட்டும்.

உன்னை என் மகள் என்று மறுபடி எழுதிக் கொடுக்க என்னால் ஆகாது. உன்மேல் கோபம் இல்லை. அதை எழுதினால் இவள் பெறாதவள் என்றும் சேர்த்து எழுத வேண்டும். முதல் தடவை பின்கட்டில் நின்று கேட்டாள். கேட்க முடியாமல் போனால் கிணற்றடிக்காவது போயிருக்கலாம். இப்போது அவளால் எழுந்து போக முடியாது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அதை நான் எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும். தொட்டில் வரை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தாசில்தார் கேட்டதையும் சொன்னேன். இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். நன்றாகவே வலித்தது. அந்தப் பெண்ணைக் கேட்காதே என்று அர்த்தம். அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்? உன்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஒரு வேளை சாப்பிடாமல் படுத்திருந்தாள். அடுத்த வேளை சாப்பிட்டாள்.

இனி உன்னைக் கேட்க மாட்டேன். இது மிரட்டல் இல்லை.

அஷ்ரஃபுன்னிசாவும் நானும் மனு நாள் தவறாமல் போகிறோம். எங்களைப் பார்த்ததும் குமாஸ்தா டீ குடிக்கப் போய்விடுகிறான். வெளியே மரத்தடியில் இன்னும் சில பேர் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளையைப் பார்ப்பவள், புருஷனைப் பார்ப்பவள். தன் மாமியாரைப் பார்க்கும் மாமியார் ஒருத்தி. யாரும் அழுவதில்லை. அழுவதற்கு அவரவர் வீட்டில் இடம் இருக்கிறது. இங்கே கேட்கத்தான் வருகிறோம்.

பெரியம்மா


முத்தாபுதுப்பேட்டை
14-12-72

புஷ்பாவுக்கு அம்மா எழுதுவது.

சுகம். அங்கே எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

புயல் மழையில் கூரை ஒரு பக்கம் ஒழுகியது. வேம்புலி வந்து ஓலை செருகிக் கொடுத்தான். சித்திக்கு முதுகில் புண் மறுபடி திறந்திருக்கிறது. மருந்து வைக்கிறேன்.

போல்ட் கம்பெனி மேஸ்திரி சொல்லியனுப்பினார். பெருக்க ஆள் வேண்டுமாம். பொங்கல் கழித்துப் பதில் சொல்கிறேன் என்றேன். பொன்னியம்மா தனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

அம்மா


மாரிக்குப்பம், தங்கவயல்
9-1-73

மதிப்பிற்குரிய தாசில்தார் ஐயா அவர்களுக்கு வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும்.

என் பெயர் புஷ்பா. முத்தாபுதுப்பேட்டை காலம்சென்ற துலுக்கானம் என் தகப்பனார். என்னைப் பெற்றவள் முனியம்மா. கன்னியம்மாள் என் பெரியம்மா. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

என் அம்மாவை நான் காப்பாற்றவில்லை. பணம் அனுப்பவில்லை. படுத்த பிறகு ஒரு முறையும் போய்ப் பார்க்கவில்லை. அவளைத் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் பெரியம்மாதான். என் வேலையை அவள் செய்கிறாள். அதற்கு உள்ளதை அவளுக்குக் கொடுங்கள்.

இதைக் கவரில் ஒட்டி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு கார்டு வாங்கினேன். தபால்காரரும் படிக்கட்டும். எங்கள் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, நானே சத்தமாகப் படித்துவிட்டேன். என் கணவர் எழுந்து வெளியே போனார். மாமியார் இனி என்ன சொன்னாலும் இதில் எழுத இடம் இல்லை. இதே வாசகம் பெரியம்மாவுக்கும் ஒரு கார்டில் போகிறது. என் அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு
முனியம்மா மகள் புஷ்பா